முறையை ஆராயுமுன் வினாத்தாளை ஆராயுங்கள்

கல்வியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. "செயல்வழிக் கற்பித்தல் மூலம் ஏழாம் வகுப்பு மாணவர்களின் தமிழ் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்பதுபோல் ஒரு தலைப்பு. சோதனைக் குழு ஒன்று, கட்டுப்பாட்டுக் குழு ஒன்று. முன்தேர்வு, ஆறு வாரப் பாடம், பின்தேர்வு. சராசரி உயர்ந்திருக்கும், உயராமல் போன ஆய்வேட்டைக் காண்பது அரிது. 'டி' மதிப்பைக் கணக்கிட்டு, 0.05 நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது என்று எழுதிக் கருதுகோளை ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது. இரண்டு குழுவும் எழுதிய அந்தப் பின்தேர்வுத் தாளைத் தேடினால் பல ஏடுகளில் கிடைக்காது. யார் தயாரித்தது, வாசிப்பைத்தான் அளக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதிலாக ஒரே ஒரு வரி இருக்கும்: வல்லுநர்களிடம் காட்டி ஏற்புடைமை உறுதி செய்யப்பட்டது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியைப் பற்றியது. கற்பித்தல் ஆய்வு, தேர்வு ஆய்வு என்று பாடத்திட்டம் இரண்டு தாள்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரு முறை பலித்ததா என்று நமக்குச் சொல்வது வினாத்தாள்தான். அது கோணலாக இருந்தால் மேலே எத்தனை புள்ளியியல் ஏற்றினாலும் நிமிராது. ஆகவே ஆய்வுக்கு ஒதுக்கிய காலத்தில் பாதியையாவது வினாத்தாளுக்குக் கொடுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் முகம் சுளித்தால், கீழே வரும் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

பெங்களூருவில் வைத்த மூன்று வகைத் தேர்வு

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபுவின் முன்முயற்சியில், பெங்களூரு, சென்னை வட்டாரப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு புது வழி சோதிக்கப்பட்டது. அதுவரை நம் பள்ளிகளில் நடந்தது வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து, கூட்டாகச் சொல்ல வைத்துப் பழக்கும் முறை. பிரபு அந்த அமைப்புகளின் பட்டியலையே எடுத்துவிட்டார். ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று யோசிக்க வைப்பது, வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பது என்று பாடம் முழுவதும் செயல்களாகவே ஓடியது. மாணவர் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் அவர் அறியாமலே உள்ளே படியும் என்பது அவர் எடுத்த நிலை. 1987-இல் இதை நூலாகவும் எழுதினார். உலகம் முழுவதும் ஆசிரியர் கல்வியில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூல் அது.

திட்டம் முடியும் தறுவாயில் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் அதை மதிப்பிட வந்தார்கள். நாலு பள்ளிகளில், திட்ட வகுப்பு ஒன்றையும் பழைய முறை வகுப்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். எந்த வினாத்தாளைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். வாக்கிய அமைப்புகளைக் கேட்டால் பழைய முறை மாணவருக்கு ஆதாயம். அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தால் பிரபுவின் மாணவருக்கு ஆதாயம். அதனால் மூன்று வகைத் தேர்வுகளை வைத்தார்கள்: பழைய முறைக்கு உகந்தது ஒன்று, புது முறைக்கு உகந்தது ஒன்று, இரண்டிலும் பயிற்சி தராதவை சில. மூன்றாம் வகையில் சூழலோடு கூடிய இலக்கணம், சொல்வதை எழுதுதல், கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளுதல் ஆகியவை இருந்தன. 1985-இல் முடிவு வெளியானது. முதல் இரண்டிலும் எதிர்பார்த்தபடியே அவரவர் தாளில் அவரவர் முந்தினார்கள். மூன்றாம் வகையில் முடிவுகள் பெரும்பாலும் திட்ட வகுப்புகளின் பக்கம் சாய்ந்தன. வகுப்புகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல, ஏற்கெனவே இருந்தவை. எனவே ஆய்வாளர்கள் அடக்கமான குரலில்தான் முடிவைச் சொன்னார்கள்.

அந்த மூன்றாம் வகை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். எந்த முறை வெல்ல வேண்டும் என்பதை வினாத்தாளைத் தேர்ந்தெடுத்த அன்றே முடிவு செய்திருப்பார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் ஜெர்மன் மொழி கற்பித்தலைப் பற்றி ஷெரர், வெர்தைமர் இருவரும் செய்து 1964-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே சாயல் தெரியும்: கேட்டுப் பேசிப் பழகியவர்கள் கேட்பதிலும் பேசுவதிலும் மேல், பழைய இலக்கண, மொழிபெயர்ப்பு வழியில் படித்தவர்கள் வாசிப்பதிலும் எழுதுவதிலும் மேல். எதைப் பழக்கினார்களோ அது வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு ஆய்வு தேவையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் ஆய்வுக்கும் பின்தேர்வை மூன்று பகுதியாக அமையுங்கள். மூன்றாம் பகுதிக்கான உரைப்பத்தியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் முறை என்னவென்றே தெரியாத, வேறு பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். செலவில்லாத இந்த ஒரு ஏற்பாடு, வாய்மொழித் தேர்வில் உங்களைப் பல கேள்விகளிலிருந்து காப்பாற்றும்.

எதை அளக்கப் போகிறீர்கள்?

"வாசிப்புத் திறன்" என்பது ஆய்வுத் தலைப்பாகலாம், அளக்கும் பொருளாகாது. எழுத்துக் கூட்டிப் படிப்பது ஒன்று, தடங்கலில்லாமல் படிப்பது வேறு. பத்தியில் வெளிப்படையாக இருப்பதைச் சொல்வது ஒன்று, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது வேறு. இவற்றில் எது என்று முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியத்தில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிரதம் அமைப்பு முன்னின்று 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வைப் பாருங்கள். தன்னார்வலர் வீட்டுக்கே போய், ஒரு குழந்தையைத் தனியாக உட்காரவைத்து, ஒரே தாளை நீட்டுகிறார். எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை. குழந்தை எதுவரை படிக்கிறதோ அதுவே அதன் நிலை. குழந்தைகள் அடிப்படை வாசிப்பை எட்டிவிட்டார்களா என்ற ஒரு கேள்விக்காக உருவான கருவி அது. அந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. அதை எடுத்துவந்து ஏழாம் வகுப்பில் தங்கள் முறையின் வெற்றியை அளக்கச் சிலர் முயல்கிறார்கள். முன்தேர்விலேயே பெரும்பாலோர் உச்சியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் உயர இடம் ஏது? கருவி நல்லதுதான், கேள்விதான் வேறு.

நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறார்கள் என்று எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட வேக அளவுகளைத் தமிழில் அப்படியே வைக்காதீர்கள். "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பது எழுத்தில் ஒரே சொல். அதையே ஒருவர் பிரித்து எழுதினால் இரண்டோ மூன்றோ ஆகும். சொல்லுக்குப் பதில் எழுத்துகளை எண்ணுங்கள். இரண்டு பத்திகளை ஒப்பிடும்போதாவது கணக்கு நேராக இருக்கும்.

புரியாமலே முழு மதிப்பெண்

கீழே உள்ள பத்தியைப் படியுங்கள்.

தொமிலன் நேற்று மாலை இரண்டு மிளனைகளைக் கிரட்டினான். அதைக் கண்ட குமிலி, தன் சோவை நினைத்து வெகுவாக நொலங்கினாள்.

மிளனைகளைக் கிரட்டியவன் யார்? எத்தனை மிளனைகளைக் கிரட்டினான்? குமிலி எதை நினைத்து நொலங்கினாள்? மூன்றுக்கும் சரியான விடை சொல்லிவிட்டீர்கள். மிளனை பழமா பறவையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் இட்டுக்கட்டிய சொல் அது. வேற்றுமை உருபும் வினைமுற்றும் தெரிந்த எவரும் இந்தக் கேள்விகளைத் தாண்டிவிடுவார். நம் பாடநூல் பயிற்சிகளிலும் வழிகாட்டி நோட்ஸ்களிலும் உள்ள கருத்தறிதல் வினாக்களில் கணிசமானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. பத்தியிலுள்ள வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எடுத்தால் விடை. இவற்றை வைத்து ஊகித்தறியும் திறன் உயர்ந்தது என்று ஆய்வேடு எழுதக் கூடாது.

எதிர்ப்பக்கக் குறையும் உண்டு: பத்தியைப் படிக்காமலே விடை சொல்லக்கூடிய வினாக்கள். மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரு பத்தி, கீழே "மழைநீரைச் சேமிப்பதன் பயன் யாது?" என்று ஒரு கேள்வி. பத்தியைக் கிழித்துப் போட்டுவிட்டும் எழுதலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை போதும். ஆய்வில் சேராத ஒரு வகுப்பில் பத்தியைக் கொடுக்காமல் வினாக்களை மட்டும் கொடுங்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யும் வினா என்றால், குருட்டாம்போக்கில் கால்வாசிப் பேர் சரியாகக் குறிப்பார்கள். பாதிக்கு மேல் சரியாகக் குறித்த வினா எதுவோ, அதை எடுத்துவிடுங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் 'குளோஸ்' தேர்வு ஆய்வாளர்களுக்கு மிகவும் பிடித்தமானது. 1953-இல் வில்சன் டெய்லர் இதை முன்வைத்தபோது, ஓர் உரை படிக்க எளிதா கடினமா என்று அளப்பதே நோக்கம். மொழித்திறன் தேர்வாக அது பின்னால் மாறியது. ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவது வழக்கம். தமிழில் அப்படி நீக்கினால், ஒரு கோட்டில் வேர்ச்சொல்லும் வேற்றுமையும் பன்மையும் சேர்ந்தே காணாமல் போகும். அடுத்த கோட்டில் வெறும் "ஒரு" போகும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவது நியாயமாகாது. என் பரிந்துரை: எதை நீக்குவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வேற்றுமையைச் சோதிக்க வேண்டுமா, சொல்லை விட்டுவிட்டு உருபை மட்டும் நீக்குங்கள். இணைப்புச் சொற்களா, "ஆயினும்", "எனவே" போன்றவற்றை மட்டும். பொருந்தும் மாற்று விடைகளின் பட்டியலைத் திருத்தத் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

சொல்வதை எழுதுதலிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆசிரியர் 'வாழை'யையும் 'வாளை'யையும் ஒரே மாதிரி ஒலித்தால், அங்கே சோதிக்கப்படுவது மாணவரின் காது அல்ல. ஏற்கெனவே மனப்பாடமான எழுத்துதான். இரண்டு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் வாசித்தால் மாணவர் வேறுபாடா ஆசிரியர் வேறுபாடா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒருவர் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து இரண்டு வகுப்புக்கும் அதையே போடுங்கள்.

திருத்துபவரும் கருவிதான்

1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்கர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. கட்டுரை என்பதால் இப்படி என்று சமாதானம் சொன்னவர்களுக்காக, மறு ஆண்டு வடிவியல் விடைத்தாளை அனுப்பிப் பார்த்தார்கள். வித்தியாசம் குறையவில்லை, கூடியது.

ஆகவே கட்டுரையையோ பேச்சையோ மதிப்பிடும் ஆய்வில் திருத்துபவர் இருவர் வேண்டும். பெயரை மறைத்து எண் கொடுங்கள். முன்தேர்வுத் தாளையும் பின்தேர்வுத் தாளையும் கலைத்து ஒரே கட்டாகக் கட்டுங்கள். எது முன், எது பின் என்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது. பின்தேர்வு என்று தெரிந்துவிட்டால் கை தானாகத் தாராளமாகும், அது மனித இயல்பு. ஒரு மாணவரின் தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லோருடைய முதல் வினாவையும் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள்.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று கணக்கிடும்போது சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: 40 கட்டுரைகள், தேறியது, தேறாதது என்று இரண்டே பிரிவு. 24-ஐ இருவரும் தேறியது என்கிறார்கள், 8-ஐ இருவரும் தேறாதது என்கிறார்கள். மீதி 8-இல் ஆளுக்கு நாலை மட்டும் தேற்றிவிட்டார்கள். ஒத்துப்போனவை 32, அதாவது 80 சதவீதம். பார்க்கச் சிறப்பு. ஆனால் ஒவ்வொருவரும் 28-ஐத் தேற்றியிருக்கிறார்கள், அதாவது 70 சதவீதம். தாளைப் படிக்காமல் இந்த விகிதத்தில் போட்டிருந்தாலும் தற்செயலாக 58 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் (0.7-இன் வர்க்கம் 0.49, 0.3-இன் வர்க்கம் 0.09). தற்செயலுக்கு மேல் கிடைத்தது 22, கிடைக்கக்கூடியது 42. வகுத்தால் 0.52. ஜேக்கப் கோயன் 1960-இல் தந்த 'காப்பா' கணக்கு இதுதான். 80 என்று பெருமைப்பட்ட ஒற்றுமையின் உண்மை எடை அவ்வளவே. இந்த நிலையில் இருவரையும் உட்காரவைத்து, முரண்பட்ட எட்டுத் தாள்களையும் விவாதிக்க வைத்து, மதிப்பீட்டுக் குறிப்பைத் திருத்தி எழுதிய பிறகே மேலே போக வேண்டும்.

வினாவாரியான அலசல் இதைவிடச் சுலபம், தாளும் பேனாவும் போதும். முப்பது பேர் எழுதியிருந்தால் மேலே வந்த பத்துப் பேரையும் கீழே உள்ள பத்துப் பேரையும் எடுங்கள். ஒரு வினாவை மேல் பத்தில் 8 பேரும் கீழ்ப் பத்தில் 3 பேரும் சரியாக எழுதினால், இருபதில் பதினொன்று: எளிமை 0.55. எட்டில் மூன்று போக ஐந்து, பத்தால் வகுத்தால் பிரித்தறியும் திறன் 0.5. நல்ல வினா. மேலே 4, கீழே 7 என்று தலைகீழாக வந்தால், முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு சரியான விடை இருக்கும்; நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் இரண்டாவதைக் கண்டுபிடித்திருக்கும்.

வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள்

தேர்வு மாறினால் கற்பித்தல் மாறும் என்று அதிகாரிகள் நம்புவார்கள். அதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று இலங்கையில் நடந்தது. 1988-இல் அங்கே க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத் தேர்வு மாற்றியமைக்கப்பட்டது. புதிய பாடநூல்களின் நோக்கத்துக்குத் தேர்வும் துணை நிற்கட்டும் என்பது எண்ணம். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டயான் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் இருவரும் அதன் தாக்கத்தை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். ஆண்டின் வெவ்வேறு பருவங்களில், நாட்டின் பல பகுதிப் பள்ளிகளில், வகுப்புகள் திரும்பத் திரும்ப நோக்கப்பட்டன. ஆசிரியர்கள் எதைக் கற்பிக்கிறார்கள் என்பதைத் தேர்வு மாற்றியிருந்தது. தேர்வு நெருங்கிய பருவத்தில் பாடநூலை ஓரம்கட்டி மாதிரி வினாக்களில் இறங்கிவிட்டார்கள். எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதில் மாற்றம் தெரியவில்லை. பத்தியை ஆசிரியர் வாசிப்பது, விளக்குவது, விடை கேட்பது என்ற பழைய ஓட்டமே ஓடியது.

வினாநிரல் கொடுத்து, "புதிய தேர்வு உங்கள் கற்பித்தலை மாற்றியதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. வெறுமனே வகுப்பை நோக்கியிருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும். ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசிய பிறகே, தேர்வுக்காகச் செய்வது எது, பாடநூலுக்காகச் செய்வது எது, பழக்கத்தால் செய்வது எது என்று பிரிந்தது. அதே ஆண்டு இதே இருவரும், தேர்வின் இந்தத் தாக்கம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டு இன்னொரு கட்டுரை எழுதி, "தேர்வு கற்பித்தலைப் பாதிக்கும்" என்ற ஒற்றை நம்பிக்கையைப் பதினைந்து தனித்தனிக் கருதுகோள்களாக உடைத்துக் காட்டினார்கள். கருதுகோள் எழுதப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஆசிரியரின் வகுப்பைப் பருவத் தொடக்கத்தில் இருமுறை, தேர்வுக்கு முன் இருமுறை நோக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் பேசுகிறார், என்ன கையில் இருக்கிறது, மாணவர் என்ன செய்கிறார் என்று மூன்றை மட்டும் குறியுங்கள். பெரிய படிவம் எடுத்துப் போனால் படிவத்தைத்தான் பார்ப்பீர்கள். வகுப்பு முடிந்த அன்றே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் அவருக்கு மதிப்பெண் போட வரவில்லை என்பது முதல் நாளே அவருக்குத் தெரிய வேண்டும்.

எவ்வளவு சொல்லலாம்

சொந்த வகுப்பில் செய்வது செயலாராய்ச்சி. குர்ட் லெவின் 1946-இல் அந்தப் பெயரோடு எழுதியபோது, திட்டமிட்டு, செய்து, விளைவைப் பார்த்து, மீண்டும் திட்டமிடும் சுழற்சியாகவே அதைச் சொன்னார். ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர், ஒரு பருவம் என்றால் "என் வகுப்பில் இது நடந்தது" என்று எழுதலாம். "தமிழகப் பள்ளிகளில் இம்முறையைப் பின்பற்ற வேண்டும்" என்று கடைசி இயலில் பரிந்துரை எழுதக் கூடாது. கட்டுப்பாட்டுக் குழு என்ற பெயரில் பக்கத்துப் பிரிவுக்கு நல்ல பாடத்தை மறுப்பதும் வேண்டாம். இந்தப் பருவம் ஒரு பிரிவுக்கு, அடுத்த பருவம் மற்றதற்கு என்று மாற்றி வைத்தால் ஒப்பீடும் கிடைக்கும், எந்தப் பிள்ளைக்கும் இழப்பும் இராது. சராசரி உயரவில்லையென்றால் உயரவில்லை என்று எழுதுங்கள். அப்படி எழுதிய ஏடுகள்தான் நம்மிடம் குறைவு.

ஆய்வேட்டைப் பைண்டிங் செய்யக் கொடுப்பதற்கு முன் ஒரு கடைசி வேண்டுகோள். பிற்சேர்க்கையில் வினாத்தாளை முழுமையாகச் சேருங்கள். அதோடு விடைக்குறிப்பு, நீக்கிய வினாக்கள், நீக்கியதன் காரணம், பெயர் மறைத்த விடைத்தாள்கள் நாலைந்து ஆகியவற்றையும் சேருங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு ஊரில் இன்னொரு ஆசிரியர் அதே தாளைத் தன் வகுப்புக்குக் கொடுத்துப் பார்க்க அது போதும்.